தேதி குறித்த ஆட்டம்: முதல் கால்பந்து லீக் பருவம், 1888–89

கால்பந்தில் 'சீசன்' என்று வழங்கும் ஆட்டப் பருவம், பந்தைப் போலவும் கோல் கம்பத்தைப் போலவும் விளையாட்டோடு உடன்பிறந்ததன்று. அதற்குத் தனியே ஒரு பிறப்பு உண்டு, பிறந்த ஆண்டும் நாடும் உண்டு. ஒரு நாட்டின் முன்னணிக் கழகங்கள் ஒரே பட்டியலில் சேர்ந்து, ஒவ்வொன்றும் மற்ற அனைத்தோடும் தன் மைதானத்தில் ஒரு முறையும் எதிராளியின் மைதானத்தில் ஒரு முறையும் ஆடி, அந்த முடிவுகளையெல்லாம் கூட்டிப் பார்த்து முதலிடத்தைத் தீர்மானிக்கும் முறையே லீக் எனப்படுகிறது. கால்பந்தில் இம்முறை முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது, 1888 செப்டம்பரில் இங்கிலாந்தில் தொடங்கி 1889இன் வசந்த காலத்தில் முடிந்த பருவத்தில்தான். அப்பருவம் நினைவுகூரப்படும்போதெல்லாம், பிரெஸ்டன் நார்த் எண்ட் கழகம் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காமல் வாகை சூடியதே முன்னிறுத்தப்படுகிறது. அது போற்றத்தக்க சாதனையே. ஆயினும் அதைவிட நீண்ட பயனைத் தந்தது வேறொன்று: பன்னிரண்டு கழகங்கள் முன்கூட்டியே தேதி குறித்து, குறித்த தேதியில் குறித்த ஆட்டத்தை ஆடியே தீர்வது என்று ஒப்புக்கொண்டு, தோல்வி மேல் தோல்வி வந்தபோதும் அந்த வாக்கைக் காத்தன. அந்த வாக்கு எந்தச் சூழலில் பிறந்தது, யாரைச் சேர்த்து யாரை விலக்கியது, எவ்வாறு நிறைவேறியது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சனிக்கிழமைப் பிற்பகல்

லீக் பிறப்பதற்கு முதலில் ஆலைத் தொழிலாளிக்கு ஓய்வு நேரம் பிறக்க வேண்டியிருந்தது. இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள லங்காஷயர் மாவட்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகின் பருத்தி ஆலைத் தொழிலுக்குத் தலைமையிடமாக விளங்கியது. 1850ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், துணி ஆலைகளில் பெண்களும் இளையோரும் சனிக்கிழமைகளில் பிற்பகல் 2 மணிக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்று விதித்தது. அவர்கள் இல்லாமல் ஆலை ஓடாது என்பதால், நடைமுறையில் ஆண்களுக்கும் அந்த அரைநாள் ஓய்வு கிடைத்தது. வாரக் கூலி கையில் இருக்க, ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்கு உரியதாக ஒதுங்கியிருக்க, இடைப்பட்ட சனிக்கிழமைப் பிற்பகல் விளையாட்டுக்கும் வேடிக்கைக்கும் உரிய நேரமாக உருவெடுத்தது. ஆங்கிலக் கால்பந்தில் சனிக்கிழமை பிற்பகல் ஆட்டம் இன்றும் தனி மதிப்புடன் இருப்பதன் வேர் இந்தச் சட்டத்தில் இருக்கிறது.

ஆட்டத்தின் விதிகளோ வேறொரு வர்க்கத்தாரிடமிருந்து வந்தவை. உயர்குடிச் சிறுவர்கள் தங்கிப் படித்த பள்ளிகளில் பலவாறாக ஆடப்பட்டுவந்த பந்தாட்டத்தை ஒரே விதித் தொகுப்பின் கீழ்க் கொண்டுவருவதற்காக, 1863 அக்டோபர் 26 அன்று லண்டனில் ஒரு விடுதியில் கூடியவர்கள் கால்பந்துச் சங்கத்தை நிறுவினர். அச்சங்கம் 1871–72இல் தொடங்கிய கோப்பைப் போட்டி, தோற்ற அணி உடனே வெளியேறும் முறையில் அமைந்தது. தொடக்க ஆண்டுகளில் அக்கோப்பையை வென்றவர்கள் பெரும்பாலும் பழைய மாணவர் கழகத்தினரும் இராணுவ அதிகாரிகளுமே ஆவர். 1883இல் பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்னும் லங்காஷயர்க் கழகம் ஓல்டு எட்டோனியன்ஸ் அணியைக் கூடுதல் நேரத்தில் 2–1 என்று வென்றபோது அந்த ஆதிக்கம் முறிந்தது. அடுத்த மூன்று ஆண்டுகளும் கோப்பை அதே ஊரின் பிளாக்பர்ன் ரோவர்ஸிடம் இருந்தது. ஆலை ஊர்களின் அணிகள் ஆட்டத்தில் முந்திவிட்டன. ஆனால் விதி வகுக்கும் அதிகாரம் இன்னும் லண்டனில் இருந்தது.

கூலியும் கோப்பையும்

இந்த இரு வர்க்கங்களுக்கும் இடையே மூண்ட பெரும் வழக்கு, ஆடுவதற்குக் கூலி பெறலாமா என்பதாகும். வசதி படைத்தவர்க்கு விளையாட்டு என்பது பொழுதுபோக்கு. பணம் வாங்கி ஆடுவது அவர்கள் பார்வையில் விளையாட்டின் மாண்பைக் கெடுப்பது. ஆலைத் தொழிலாளிக்கோ, வெளியூர் ஆட்டத்துக்காக அரைநாள் வேலையை விட்டால் அந்தக் கூலியை யாராவது ஈடுகட்டியாக வேண்டும். லங்காஷயர்க் கழகங்கள் இதை மறைவாகச் செய்துவந்தன. ஸ்காட்லாந்திலிருந்து திறமையான ஆட்டக்காரர்களை அழைத்துவந்து, பெயரளவுக்கு ஆலையிலோ கடையிலோ ஒரு வேலை கொடுத்து, உண்மையில் பந்தாடுவதற்கே ஊதியம் கொடுத்தன. தனியாகப் பந்தை உருட்டிக்கொண்டு ஓடுவதற்கு மாறாக, ஒருவருக்கொருவர் பந்தைக் கடத்தி முன்னேறும் முறையை இங்கிலாந்துக்குக் கற்றுத்தந்தவர்கள் என்பதால், அந்த ஆட்டக்காரர்கள் 'ஸ்காட்லாந்துப் பேராசிரியர்கள்' என்றே அழைக்கப்பட்டனர்.

1884 சனவரியில் பிரெஸ்டன் அணியோடு கோப்பை ஆட்டத்தில் சமன் செய்த லண்டனின் அப்டன் பார்க் கழகம், எதிரணியில் கூலி ஆட்டக்காரர்கள் இருப்பதாக முறையிட்டது. பிரெஸ்டன் கழகத்தை நடத்திவந்த ஆலை மேலாளர் வில்லியம் சடெல், மறுக்காமல், தம் கழகம் மட்டுமல்லாது மற்றக் கழகங்களும் அவ்வாறே செய்கின்றன என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். பிரெஸ்டன் அவ்வாண்டின் கோப்பைப் போட்டியிலிருந்து நீக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து வடக்குக் கழகங்கள் தனிச் சங்கம் அமைக்கப்போவதாக எச்சரித்தன. பிளவை விரும்பாத கால்பந்துச் சங்கம், 1885 சூலை 20 அன்று தொழில்முறை ஆட்டத்தைச் சில கட்டுப்பாடுகளோடு சட்டபூர்வமாக ஏற்றுக்கொண்டது. கோப்பை ஆட்டங்களில் ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர், கழகத்தின் மைதானத்திலிருந்து ஆறு மைல் சுற்றளவுக்குள் பிறந்தவராகவோ இரண்டு ஆண்டுகள் வாழ்ந்தவராகவோ இருக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று.

இந்த அனுமதி ஒரு சிக்கலைத் தீர்த்து மற்றொன்றைப் பிறப்பித்தது. ஆட்டக்காரருக்கு வாரந்தோறும் ஊதியம் தர வேண்டும். ஆனால் மைதான வாயிலில் வாரந்தோறும் பணம் வரும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. கோப்பைப் போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்ற அணிக்கு அவ்வாண்டில் அந்த வழியில் வருவாய் இல்லை. வென்ற அணியும் அடுத்த ஆட்டம் எப்போது, எங்கே என்று அறியாது. கோப்பை ஆட்டத்தோடு மோதிய நாளில் மற்ற ஆட்டங்கள் கைவிடப்பட்டன. எஞ்சிய சனிக்கிழமைகளை நிரப்பிய நட்புமுறை ஆட்டங்களோ, கழகச் செயலாளர்கள் கடிதம் எழுதி ஏற்பாடு செய்துகொண்டவை; அவற்றைக் கட்டுப்படுத்தும் சட்டம் எதுவும் இல்லாததால், வேறிடத்திலிருந்து கூடுதல் பணத்துக்கு அழைப்பு வந்தால் ஒப்புக்கொண்ட ஆட்டத்தைக் கைவிடுவதும், முதன்மை ஆட்டக்காரர்களை வீட்டில் நிறுத்திவிட்டு இரண்டாம் தர அணியை அனுப்புவதும் வழக்கமாயின. ஏற்றத்தாழ்வும் எல்லை மீறியது: 1887 அக்டோபர் 15 அன்று கோப்பையின் முதல் சுற்றில் பிரெஸ்டன் ஹைடு அணியை 26–0 என்று வென்றது. எதிரணி வருமா, வந்தால் முழு வலுவோடு வருமா, வந்தாலும் போட்டி என்று சொல்லத்தக்கதாக இருக்குமா என்ற மூன்று ஐயங்களோடு நுழைவுச்சீட்டு வாங்கிய மக்கள், மெல்ல மெல்ல ஆர்வம் இழப்பது இயல்பே.

ஜவுளிக்கடைக்காரரின் கடிதம்

இச்சிக்கலுக்கு விடை கண்டவர் ஆட்டக்காரரும் அல்லர், ஆலை முதலாளியும் அல்லர். வில்லியம் மெக்ரெகர் 1846இல் ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயரிலுள்ள பிரேகோ என்ற சிற்றூரில் பிறந்து, பர்மிங்காமில் குடியேறி, ஆஸ்டன் பகுதியில் ஜவுளிக்கடை நடத்தியவர்; ஆஸ்டன் வில்லா கழகத்தின் நிர்வாகக் குழுவில் நெடுங்காலம் தொண்டாற்றியவர். 1888 மார்ச் 2 அன்று அவர் பிளாக்பர்ன் ரோவர்ஸ், போல்டன் வாண்டரர்ஸ், பிரெஸ்டன் நார்த் எண்ட், வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் ஆகிய கழகங்களுக்கும் தம் சொந்தக் கழகத்துக்கும் ஒரு கடிதம் எழுதினார். முன்னணியிலுள்ள பத்து அல்லது பன்னிரண்டு கழகங்கள் ஒன்றுகூடி, ஒவ்வோர் ஆண்டும் தம்முள் இரு மைதானங்களிலும் ஆட வேண்டிய ஆட்டங்களை முன்கூட்டியே வகுத்துக்கொள்ளலாம் என்பதே அக்கடிதத்தின் சாரம். கிரிக்கெட்டில் மாவட்ட அணிகள் தமக்குள் ஆடிவந்த முறை அவருக்கு முன்மாதிரியாக இருந்தது. நாட்டின் முதல்வன் யார் என்பதை முடிவு செய்யும் நோக்கத்தைவிட, வரும் என்று சொன்ன அணி வர வேண்டும் என்ற வணிகரின் நியாயமே அக்கடிதத்தில் மேலோங்கி நின்றது. சரக்கு சொன்ன நாளில் வராவிட்டால் கடை நடத்த முடியாது என்பதை அன்றாடம் அறிந்த ஒருவர், ஆட்டத்துக்கும் அதே ஒழுங்கைக் கேட்டார்.

1888 மார்ச் 23 அன்று, கோப்பை இறுதி ஆட்டத்துக்கு முந்தைய நாள், லண்டன் ஃபிளீட் தெருவிலிருந்த ஆண்டர்டன்ஸ் ஹோட்டலில் முதற் கூட்டம் நடந்தது. ஏப்ரல் 17 அன்று மான்செஸ்டரின் ராயல் ஹோட்டலில் கூடியபோது அமைப்பு முறையாக நிறுவப்பட்டது. 'அசோசியேஷன் ஃபுட்பால் யூனியன்' என்ற மெக்ரெகரின் பெயர், ரக்பி விளையாட்டின் அமைப்போடு குழப்பத்தை உண்டாக்கும் என்று கருதப்பட்டதால், சடெல் முன்மொழிந்த 'ஃபுட்பால் லீக்' என்ற பெயர் ஏற்கப்பட்டது. உறுப்புக் கழகங்கள் லீக் ஆட்டங்களில் முழு வலுவுள்ள அணியையே இறக்க வேண்டும் என்பது அடிப்படை விதிகளுள் ஒன்றாயிற்று. கால்பந்துச் சங்கத்தின் ஆளுகையிலிருந்து எவரும் விலகவில்லை. கோப்பைப் போட்டியும் வழக்கம் போலத் தொடரும் என்று உறுதி செய்யப்பட்டது. 1884இல் பிளவின் விளிம்பு வரை போன அதே வடக்குக் கழகங்கள், நான்கு ஆண்டுகளுக்குப் பின் பிளவின்றித் தமக்கு வேண்டியதை அடைந்தன.

உறுப்பினர் எண்ணிக்கை பன்னிரண்டாக நின்றதற்குக் காரணம் நாட்காட்டியே. கோப்பை ஆட்டங்களுக்கும் மாவட்டப் போட்டிகளுக்கும் உரிய நாட்களைக் கழித்தபின், 22 நாட்களே லீக்குக்குக் கிடைத்தன. ஒவ்வோர் அணியும் மற்றப் பதினொன்றோடும் இருமுறை ஆடினால் 22 ஆட்டங்கள் ஆகும். இந்தக் கணக்கினால், சேர விரும்பிய ஷெஃபீல்டு வென்ஸ்டே, நாட்டிங்காம் ஃபாரஸ்ட், ஹாலிவெல் ஆகிய கழகங்கள் திருப்பி அனுப்பப்பட்டன. ஓர் ஊருக்கு ஒரு கழகம் என்ற அணுகுமுறையால், நாட்டிங்காமுக்கு நாட்ஸ் கவுண்டியும் லிவர்பூலுக்கு எவர்டனும் இடம்பெற, அவ்வூர்களின் மற்றக் கழகங்கள் வெளியே நின்றன. லீக்கின் முதல் வேலி திறமையை மட்டும் அளந்து போடப்பட்டதன்று என்பதை வரலாறு மறக்கக் கூடாது.

பன்னிரண்டு ஊர்கள்

தேர்ந்தெடுக்கப்பட்ட பன்னிரண்டில் அக்ரிங்டன், பிளாக்பர்ன் ரோவர்ஸ், போல்டன் வாண்டரர்ஸ், பர்ன்லி, எவர்டன், பிரெஸ்டன் நார்த் எண்ட் ஆகிய ஆறும் லங்காஷயரைச் சேர்ந்தவை. ஆஸ்டன் வில்லா, டெர்பி கவுண்டி, நாட்ஸ் கவுண்டி, ஸ்டோக், வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன், உல்வர்ஹாம்ப்டன் வாண்டரர்ஸ் ஆகிய மற்ற ஆறும் 'மிட்லண்ட்ஸ்' எனப்படும் நடு இங்கிலாந்தின் தொழில் ஊர்களைச் சேர்ந்தவை. நூலும் நெசவும் ஒரு பக்கம், இரும்பும் மட்பாண்டமும் மறுபக்கம் என்று அமைந்த இந்த ஊர்களை இருப்புப்பாதை ஏற்கெனவே இணைத்திருந்தது. காலையில் புறப்பட்டுப் பிற்பகலில் ஆடிவிட்டு இரவில் வீடு திரும்பும் தொலைவுக்குள் பெரும்பாலான மைதானங்கள் இருந்தன. லண்டனிலிருந்தோ தெற்கிலிருந்தோ ஒரு கழகமும் இல்லை. தென்னாட்டுக் கழகம் ஒன்று இந்த லீக்கில் நுழைய, 1893இல் உல்விச் ஆர்சனல் இரண்டாம் பிரிவில் சேரும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இக்கழகங்களின் பிறப்பிடங்கள் தொழில் ஊர்களின் சமூக வாழ்வையே காட்டுகின்றன. எவர்டன், ஆஸ்டன் வில்லா, போல்டன் ஆகியவை தேவாலயங்களையும் அவற்றின் ஞாயிற்றுப் பள்ளிகளையும் சார்ந்து தோன்றின. உல்வர்ஹாம்ப்டன் ஒரு தேவாலயப் பள்ளியின் சிறுவர்களால் 1877இல் தொடங்கப்பட்டது. வெஸ்ட் பிராம்விச் தராசும் சுருள்வில்லும் செய்யும் தொழிற்சாலையின் தொழிலாளர்களால் உருவானது. டெர்பி கவுண்டி மாவட்டக் கிரிக்கெட் கழகத்தின் கிளையாக 1884இல் முளைத்தது. 1862இல் தோன்றிய நாட்ஸ் கவுண்டி, கால்பந்துச் சங்கத்துக்கே ஓராண்டு மூத்தது. வழிபாடு, பள்ளி, ஆலை ஆகியவற்றின் நிழலில் வளர்ந்த இந்தக் கூட்டங்கள், 1888இல் ஒரு தொழிலின் பங்காளிகளாக மாறின.

முதல் நாள்

1888 செப்டம்பர் 8 அன்று ஐந்து ஆட்டங்களுடன் பருவம் தொடங்கியது. பிளாக்பர்ன் ரோவர்ஸும் நாட்ஸ் கவுண்டியும் அடுத்த சனிக்கிழமையே களமிறங்கின. போல்டனின் பைக்ஸ் லேன் மைதானத்தில் போல்டன் மூன்று கோல்கள் முன்னிலை பெற்றும் டெர்பியிடம் 3–6 என்று தோற்றது. ஆன்ஃபீல்டு அப்போது எவர்டனின் மைதானம். அங்கே சுமார் 10,000 பேர் முன்னிலையில் எவர்டன் அக்ரிங்டனை 2–1 என்று வென்றது. பிரெஸ்டன் தன் டீப்டேல் மைதானத்தில் பர்ன்லியை 5–2 என்று வென்றது. ஸ்டோக் வெஸ்ட் பிராம்விச்சிடம் 0–2 என்று தோற்றது. உல்வர்ஹாம்ப்டனும் ஆஸ்டன் வில்லாவும் 1–1 என்று சமன் செய்தன.

லீக்கின் முதல் கோலை அடித்தவர் யார் என்ற கேள்விக்கு நெடுங்காலம் சொல்லப்பட்ட விடை, வில்லாவின் கெர்ஷம் காக்ஸ் தன் அணிக்கு எதிராகவே போட்டுக்கொண்ட கோல் என்பதாகும். ஆட்டங்கள் எல்லா மைதானங்களிலும் ஒரே நேரத்தில் தொடங்கவில்லை என்பதை அக்காலச் செய்தித்தாள்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்து, போல்டனின் கென்னி டேவன்போர்ட் பிற்பகல் 3.47 மணிக்கு அடித்ததே முதல் கோல் என்று 2013இல் நிறுவப்பட்டது. தேதியைக் கட்டுப்படுத்திய லீக், மணியைக் கட்டுப்படுத்தும் நிலையை இன்னும் எட்டவில்லை என்பதை இந்தச் சிறு விவாதம் காட்டுகிறது.

அன்றைய ஆட்டம் இன்றைய கண்ணுக்குப் பாதி பழக்கமானதும் பாதி அந்நியமானதுமாகும். பதினொருவர் கொண்ட அணி, 45 நிமிடங்கள் கொண்ட இரு பகுதிகள், கோலின் மேல் மரச்சட்டம் ஆகியவை இருந்தன. கோலுக்குப் பின்னால் வலை இல்லை; பெனால்டி உதை இல்லை; இவ்விரண்டும் 1891இல்தான் வந்தன. அணிக்கு ஒருவராக இரு நடுவர்கள் களத்தில் இருக்க, அவர்கள் ஒத்துப்போகாதபோது மட்டும் எல்லைக்கு வெளியே நின்ற மூன்றாமவர் தீர்ப்பளித்தார். கோல் காப்பவர் தன் பாதி மைதானம் முழுவதிலும் பந்தைக் கையால் தொடலாம். ஆட்டக்காரருக்குச் சட்டையில் எண் இல்லை. காயமுற்றவருக்கு மாற்று ஆள் இல்லை. இரு தடுப்பாளர், மூன்று இடைநிலையர், ஐந்து முன்னணியர் என்று தலைகீழ்க் கோபுரம் போல நின்ற அணிவகுப்பினால் கோல்கள் மிகுந்தன. அப்பருவத்தில் ஓர் ஆட்டத்துக்கு நான்கு கோல்களுக்கு மேல் விழுந்தன.

புள்ளிக் கணக்கு

வியப்புக்குரிய செய்தி, பருவம் தொடங்கியபோது வெற்றியாளரைத் தீர்மானிக்கும் கணக்கே முடிவாகவில்லை என்பதாகும். வெற்றிகளை மட்டும் எண்ணலாம் என்ற கருத்தும், சமனுக்கும் மதிப்புத் தரலாம் என்ற கருத்தும் மோதின. ஆட்டங்கள் பல நடந்தேறிய பிறகு, 1888 நவம்பரில்தான், வெற்றிக்கு 2 புள்ளி, சமனுக்கு 1 புள்ளி என்று முடிவாயிற்று. புள்ளிகள் சமமானால், அடித்த கோல்களை வாங்கிய கோல்களால் வகுத்து வரும் 'கோல் சராசரி' முன்பின் வரிசையைத் தீர்மானிக்கும். கடைசி நான்கு இடங்களில் நிற்கும் கழகங்கள் உறுப்பினராகத் தொடர, மற்றவர்களின் வாக்கை மீண்டும் கேட்டுப் பெற வேண்டும்.

இந்த முடிவின் விளைவை இறுதிப் பட்டியலே தெளிவாக்குகிறது. அக்ரிங்டன் 6 ஆட்டங்களில் மட்டுமே வென்றது. 8 ஆட்டங்களைச் சமன் செய்தது. வெற்றிகளை மட்டும் எண்ணியிருந்தால் அது 7 வெற்றிகள் பெற்ற பர்ன்லிக்கும் டெர்பிக்கும் கீழே, பத்தாம் இடத்தில் நின்று, மறுதேர்தலுக்குக் கைகூப்ப வேண்டியிருந்திருக்கும். சமனுக்கு ஒரு புள்ளி கிடைத்ததால் 20 புள்ளிகளோடும் 48க்கு 48 என்ற கோல் கணக்கோடும் ஏழாம் இடத்தைப் பெற்றது. மறுமுனையில் நாட்ஸ் கவுண்டியும் ஸ்டோக்கும் 12 புள்ளிகளில் நிகராக முடிந்தன. நாட்ஸ் கவுண்டி 40 கோல்கள் அடித்து 73 வாங்கியிருக்க, ஸ்டோக் 26 அடித்து 51 வாங்கியிருந்தது. குறைவாக வாங்கியும் ஸ்டோக்கே கடைசியாயிற்று, ஏனெனில் வகுத்தல் கணக்கில் அதன் சராசரி தாழ்ந்து நின்றது. ஆங்கிலக் கால்பந்தில் வெற்றிக்கு 2 புள்ளி என்ற இந்த அளவு 1981 வரை மாறாமல் இருந்தது.

தோல்வியறியாப் பிரெஸ்டன்

பட்டியலின் உச்சியைப் பற்றி ஐயம் எதுவும் எழவில்லை. 1888 மார்ச்சில் கோப்பை இறுதி ஆட்டத்தில் வெஸ்ட் பிராம்விச்சிடம் 1–2 என்று எதிர்பாராமல் தோற்ற பிரெஸ்டன், அந்தக் காயத்தோடு லீக்கில் இறங்கி, 22 ஆட்டங்களில் 18 வெற்றி, 4 சமன், தோல்வி இல்லை என்று முடித்தது. 74 கோல்கள் அடித்து 15 மட்டுமே வாங்கி 40 புள்ளிகள் பெற்றது. இரண்டாவதாக வந்த ஆஸ்டன் வில்லாவுக்கு 29 புள்ளிகள். 1889 சனவரி 5 அன்று நாட்ஸ் கவுண்டியை 4–1 என்று வென்றதோடு, இன்னும் ஆட்டங்கள் எஞ்சியிருக்கும்போதே வாகை உறுதியாயிற்று.

அந்த வெற்றிக்குப் பின்னால் சடெலின் நீண்ட உழைப்பு இருந்தது. ஸ்காட்லாந்தின் ஜிம்மி ராஸ், ஜார்ஜ் டிரம்மண்ட், ஜானி கிரேயம், டேவிட் ரஸ்ஸல், ஜாக் கார்டன் ஆகியோரும், லண்டனில் பிறந்து ஸ்காட்லாந்தில் வளர்ந்த ஜான் குடாலும், வேல்ஸின் கோல் காவலர் ஜிம்மி டிரெய்னரும் அவர் திரட்டிய அணியில் இருந்தனர். அவர்களோடு ஃபிரெட் டூஹர்ஸ்ட் என்ற பள்ளி ஆசிரியர் ஊதியம் பெறாமல் ஆடினார். அவ்வாறு, ஊதியம் பெறுவோரும் பெறாதோரும் ஒரே அணியில் தோளோடு தோள் நின்றதால், கூலி வாங்குவது ஆட்டத்தின் மாண்பைக் கெடுக்கும் என்ற பழைய வாதத்துக்குக் களத்திலேயே விடை கிடைத்தது. 1889 மார்ச் 30 அன்று லண்டன் கென்னிங்டன் ஓவல் மைதானத்தில் உல்வர்ஹாம்ப்டனை 3–0 என்று வென்று, போட்டி முழுவதிலும் ஒரு கோலும் வாங்காமல், பிரெஸ்டன் கோப்பையையும் கைப்பற்றியது. ஒரே பருவத்தில் லீக்கையும் கோப்பையையும் வெல்லும் 'இரட்டை வாகை' என்ற சொல்லுக்குப் பொருள் தந்த முதல் அணி அதுவே. ஆங்கிலத் தலைமை லீக்கில் ஒரு பருவம் முழுவதும் தோற்காத அடுத்த அணி, 2003–04இல் 38 ஆட்டங்கள் ஆடிய ஆர்சனல். இடையே 115 ஆண்டுகள் கழிந்திருந்தன.

காத்த வாக்கு

லீக்கின் தன்மையை மேலும் துலக்கமாகக் காட்டும் ஆட்டம், 1888 அக்டோபர் 6 அன்று டீப்டேலில் நடந்தது. ஸ்டோக் அணி அன்று ஒன்பது பேரோடு மட்டுமே வந்து சேர்ந்தது. பழைய நட்புமுறை ஆட்டமாக இருந்திருந்தால் அது கைவிடப்பட்டிருக்கலாம், அல்லது பெயரளவுக்கு ஆடி மறக்கப்பட்டிருக்கலாம். ஆனால் இது பட்டியலில் ஏறிய ஆட்டம். ஸ்டோக் பிரெஸ்டனின் இரண்டாம் நிலை அணியிலிருந்தே இருவரைக் கடனாகப் பெற்றுப் பதினொருவராக நின்று ஆடி, 0–7 என்று தோற்றது. அந்தத் தோல்வி பட்டியலில் அப்படியே பதிவாயிற்று.

இந்தக் கட்டுப்பாட்டின் அருமையை, அதே ஆண்டில் பிறந்து அதே பருவத்தில் மறைந்த மற்றோர் அமைப்பு எதிர்மறையாக மெய்ப்பிக்கிறது. லீக்கில் இடம் கிடைக்காத இருபது கழகங்கள் சேர்ந்து 'காம்பினேஷன்' என்ற போட்டியைத் தொடங்கின. பிற்காலத்தில் மான்செஸ்டர் யுனைட்டெட் ஆன நியூட்டன் ஹீத்தும் அவற்றுள் ஒன்று. ஒவ்வொரு கழகமும் தான் விரும்பிய எட்டுக் கழகங்களோடு இரு மைதானங்களிலும் ஆடலாம் என்பது ஏற்பாடு. ஆனால் யார் யாரோடு எந்த நாளில் ஆட வேண்டும் என்பதை வகுத்து மேற்பார்வையிடும் மைய அலுவலகம் இல்லை. ஆட்டங்கள் சிதறின, கணக்குப் பட்டியல் உருப்பெறவில்லை, 1889 ஏப்ரலில் அவ்வமைப்பு கலைக்கப்பட்டது. திறமையான ஆட்டக்காரர்கள் அங்கும் இருந்தனர், பார்வையாளர்களும் இருந்தனர். இல்லாமற்போனது தேதி குறித்த பட்டியலும் அதை நடத்தும் பொறுப்பும் மட்டுமே. லீக்கிலோ ஸ்டோக் கழகத்தின் ஹாரி லாக்கெட் செயலாளராகப் பணியாற்ற, 132 ஆட்டங்களும் முழுமையாக ஆடி முடிக்கப்பட்டன. பருவம் முழுவதிலும் வந்த பார்வையாளர் தொகை சுமார் 6 லட்சம் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. கடைசி நான்கு இடங்களில் நின்ற பர்ன்லி, டெர்பி, நாட்ஸ் கவுண்டி, ஸ்டோக் ஆகிய நான்கும் 1889இல் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டன.

பின்விளைவுகள்

வெற்றி பெற்ற முறை விரைவில் பரவியது. வெளியே நின்ற கழகங்கள் 1889இல் 'ஃபுட்பால் அலையன்ஸ்' என்ற போட்டியை, இம்முறை லீக்கின் பட்டியல் ஒழுங்கைப் பின்பற்றித் தொடங்கின. 1892இல் அது லீக்கோடு இணைந்தபோது இரண்டாம் பிரிவு பிறந்தது. ஸ்காட்லாந்து 1890இல் தன் லீக்கை அமைத்தது. ஸ்பெயினும் இத்தாலியும் 1929இலும், மேற்கு ஜெர்மனி 1963இலும் நாடு தழுவிய ஒரே தலைமைப் பிரிவை ஏற்படுத்தின. நாடுகளின் விதிகள் வேறுபட்டாலும், இரு மைதானங்களிலும் ஆடுவது, புள்ளிகளைக் கூட்டுவது, தேதிப் பட்டியலை முன்கூட்டி வெளியிடுவது ஆகிய மூன்று அடிப்படைகளும் 1888இல் வகுக்கப்பட்டவையே.

கழகங்களுக்கு உறுதி தந்த அதே ஒழுங்கு ஆட்டக்காரர்களைக் கட்டவும் பயன்பட்டது. 1893 முதல், ஒரு கழகத்தில் பதிவுபெற்றவர் அதன் இசைவின்றி வேறு லீக் கழகத்துக்குச் செல்ல முடியாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது. 1901இல் வாரம் 4 பவுண்டுக்கு மேல் ஊதியம் தரக்கூடாது என்ற உச்சவரம்பும் சேர்ந்தது. ஊதிய வரம்பு 1961 வரை நீடித்தது. வாரந்தோறும் ஊதியம் தர வழி தேடியே லீக் தோன்றியது என்பதை நினைத்தால், அந்த லீக்கிலேயே ஊதியத்துக்கு அறுபது ஆண்டுகள் பூட்டு விழுந்தது வருத்தத்துக்குரிய திருப்பமாகும்.

முன்னோடிகளின் முடிவும் ஒருபோல அமையவில்லை. மெக்ரெகர் லீக்கின் தலைவராக மதிக்கப்பட்டு 1911இல் மறைந்தார். சடெல் தம் ஆலையின் கணக்குகளைத் திரித்து 5,000 பவுண்டுக்கு மேல் கையாடியதாக 1895இல் மூன்றாண்டுச் சிறைத்தண்டனை பெற்று, பின்னர் தென்னாப்பிரிக்காவுக்குச் சென்று, மெக்ரெகர் மறைந்த அதே ஆண்டில் அங்கேயே இறந்தார். அக்ரிங்டன் 1893இல் லீக்கிலிருந்து விலகி, சில ஆண்டுகளில் கலைந்தது. பிரெஸ்டன் 1889–90இல் மீண்டும் வாகை சூடியது. அதன்பின் இன்றுவரை அந்தப் பட்டம் அதற்குத் திரும்பவில்லை. ஸ்டோக் அடுத்த பருவத்திலும் கடைசி இடமே பெற்று, மறுதேர்தலில் தோற்று, தன் இடத்தைச் சண்டர்லாந்துக்கு விட்டுக்கொடுத்து, 1891இல் திரும்பி வந்தது.

பிரெஸ்டனின் பெருமைக்குக் கடன்பட்டவர்கள் யார் என்ற கேள்விக்கு இந்தக் கடைசி இடமே விடை தருகிறது. 22 ஆட்டங்களில் தோற்கவில்லை என்று சொல்வதற்கு, முதலில் 22 ஆட்டங்கள் நடந்தாக வேண்டும். அதற்கு எதிரில் நிற்கும் பதினோர் அணிகளும், வெல்லும் நம்பிக்கை இருந்தாலும் இல்லாவிட்டாலும், குறித்த சனிக்கிழமையில் வந்து சேர்ந்தாக வேண்டும். அந்த வகையில், ஒன்பது பேரோடு வந்து இருவரைக் கடன் வாங்கி ஏழு கோல்கள் வாங்கிச் சென்ற ஸ்டோக்கும், பிரெஸ்டனின் தோல்வியறியாப் பட்டியலை எழுதிய கைகளுள் ஒன்றாகும்.